முதுகோடு நிற்பதில்லை: மூச்சு, இதயம், தசை மூன்றையும் தொடும் முதுகெலும்பு அழற்சி வாதம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதுகு வலி புதிதல்ல. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு வாளி தூக்கித் தோள் வலித்தது. செம்பனைக் குலை வெட்டிய தலைமுறைக்கு இடுப்பு வலித்தது. அதனால் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் காலையில் எழுந்து நிமிர முடியவில்லை என்றால், ‘வேலை செய்த அலுப்பு’ என்று சொல்லித் தைலம் தடவிவிட்டு வீட்டார் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பெரும்பாலான முதுகு வலி அதிலேயே அடங்கியும் விடுகிறது. ஆனால் ஒரு வகை முதுகு வலி அப்படி அடங்காது. கவனிக்காமல் விட்டால் அது முதுகைத் தாண்டி நெஞ்சுக்கூட்டையும் நுரையீரலையும் இதயத்தையும் தசையையும் தொட்டுவிடும். அதுதான் முதுகெலும்பு அழற்சி வாதம். மருத்துவர்கள் இதை ‘ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ்’ என்கிறார்கள்.

‘ஸ்பாண்டிலோசிஸ்’ என்ற பெயரோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். ஸ்பாண்டிலோசிஸ் வயது ஏற ஏற வரும் தேய்மானம். ஸ்பாண்டிலைடிஸ் அழற்சி. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடலின் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. பெரும்பாலும் 20 வயதுக்கு மேல் தொடங்கும். 45 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது. முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டில்தான் முதலில் வீக்கம் காணும். தசைநார்கள் எலும்பில் ஒட்டும் இடங்களும் வீங்கி வலிக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடங்களில் புது எலும்பு வளர்ந்து, தனித்தனியே அசைய வேண்டிய முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். எக்ஸ்ரே படத்தில் அது கணுக்கணுவாகத் தெரிவதால் ‘மூங்கில் முதுகு’ என்று சொல்வார்கள். எல்லாருக்கும் நோய் அந்த அளவுக்கு முற்றுவதில்லை. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

வேலை வலியா, அழற்சி வலியா?

2007-ஆம் ஆண்டில் வெளியான மலேசிய ஆய்வு ஒன்று, 15 வயதும் அதற்கு மேலும் ஆன 2,594 பேரை விசாரித்தது. அவர்களில் 11.6 விழுக்காட்டினர் தங்களுக்கு முதுகு வலி இருப்பதாகச் சொன்னார்கள். இத்தனை பேருக்குள் அழற்சி வாதம் உள்ள ஒருவரைப் பிரித்தறிவது எளிதல்ல. ஐரோப்பாவில் 13 நாடுகளைச் சேர்ந்த 2,846 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து நோயின் பெயர் தெரியவருவதற்குச் சராசரியாக 7.4 ஆண்டுகள் ஆனதாகத் தெரிந்தது. சிறப்பு மருத்துவர்கள் அருகிலேயே இருக்கும் நாடுகளில் இந்த நிலை.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. வேலை செய்ததால் வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும். அழற்சி வலி ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும். காலையில் எழுந்ததும் முதுகு பலகைபோல் விறைத்து, அந்த விறைப்பு இளக அரைமணி நேரத்துக்கு மேலாகும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும். எழுந்து சற்று நடந்தால்தான் மறுபடி படுக்க முடியும். பிட்டத்தில் ஒரு பக்கம், மறுபக்கம் என்று வலி மாறி மாறி வரும். குதிகாலிலும் வலிக்கலாம். ஒரு கண் திடீரென்று சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசலாம். 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடிக்கும் முதுகு வலியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இது ஆண்களின் நோய் என்று முன்பு நினைத்தார்கள். அந்த எண்ணம் இன்று மாறிவிட்டது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் கட்டத்தில் ஆண்களே அதிகம் என்றாலும், அதற்கு முந்திய கட்டத்தில் பெண்களும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறார்கள். உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்து நிமிரும் பெண்ணுக்கும், தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்ணுக்கும் வரும் வலியை ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-இல் கண்டறியப்பட்டது. ஆனாலும் அந்த மரபணு உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆகவே இரத்தச் சோதனையை மட்டும் வைத்து நோய் உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

விலா எலும்பு விரியாவிட்டால்

நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிகிறது. பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகளும் பின்னால் முதுகெலும்போடு சிறு சிறு மூட்டுகளால் சேர்ந்திருக்கின்றன. அழற்சி அந்த மூட்டுகளையும் விடுவதில்லை. அவை வீங்கும்போது தும்மினால், இருமினால், ஆழ மூச்சிழுத்தால் நெஞ்சில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். ‘மாரடைப்போ’ என்று பயந்து ஓடுகிறவர்களும் உண்டு, ‘வாயுப் பிடிப்பு’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நெஞ்சு வலிக்குக் காரணம் எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்வது ஆபத்து.

அந்த மூட்டுகள் இறுகிப்போனால் நெஞ்சுக்கூடு விரியாது. அப்போது வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்ற தசை கூடுதல் பாரத்தைச் சுமந்து மூச்சை நடத்தும். அதனால் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. படியேறும்போதும் வேகமாக நடக்கும்போதும்தான் மூச்சு வாங்கும். வயிறு பெருத்துவிட்டால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சுத் திணறல் இன்னும் கூடும்.

இதை அளக்கத் தையல்கடை அளவுநாடா ஒன்று போதும். ஆண்களுக்கு மார்புக் காம்பின் உயரத்தில், பெண்களுக்கு மார்பகத்தின் கீழே, நெஞ்சைச் சுற்றி நாடாவை வைத்து, மூச்சை முழுதும் வெளியே விட்டு ஓர் அளவும், முழுதும் உள்ளே இழுத்து ஓர் அளவும் எடுக்க வேண்டும். நலமான இளையவர்களுக்கு இரண்டுக்கும் பொதுவாக ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். அது இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைந்தால் நெஞ்சுக்கூடு இறுகியிருக்கிறது என்று பொருள். இதை வைத்து நோய் உண்டு என்று முடிவு செய்துவிட முடியாது. நோய் உறுதியானவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டினால், அடுத்து என்ன செய்யலாம் என்று தீர்மானிக்க அது அவருக்கு உதவும்.

நீண்ட காலம் நோய் உள்ள ஒரு சிலருக்கு நுரையீரலின் மேல்பகுதியில் தழும்பும் குழிகளும் உண்டாகும். எக்ஸ்ரேயில் இது காசநோயைப் போலவே தெரியும். மலேசியாவில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படும் நிலையில், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட வாய்ப்பு அதிகம். எனவே எந்த கிளினிக்குக்குப் போனாலும் ‘எனக்கு முதுகெலும்பு அழற்சி வாதம் இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதே வேளையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ‘எல்லாம் வாதத்தால்தான்’ என்று விட்டுவிடாமல் சளிச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

புகைபிடிப்பது இந்த நோயாளிகளுக்கு இரட்டைக் கேடு. நுரையீரலைக் கெடுப்பதோடு முதுகெலும்பு ஒட்டிக்கொள்வதையும் விரைவுபடுத்துகிறது. வறட்சிக் காலத்தில் ராஜா மூசா சதுப்புக்காட்டுப் பகுதியில் கரிமண் தீப்பற்றி எரிந்து, பெஸ்தாரி ஜெயா முதல் கோலசிலாங்கூர் வரை புகை சூழ்வது இவ்வட்டாரத்தார் அறிந்ததே. அத்தகைய நாள்களில் வெளியே உடற்பயிற்சி செய்வதைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே செய்யலாம். ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றியும் மருத்துவரிடம் கேட்கலாம்.

இதயத்துக்கு வரும் மூன்று ஆபத்துகள்

முதலாவது, இரத்தக் குழாய் அடைப்பு. உடலில் ஓயாமல் இருக்கும் அழற்சி இரத்தக் குழாயின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. அதில் கொழுப்பு எளிதில் படிகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இந்த நோயுள்ள 21,473 பேரை, நோயில்லாத 86,606 பேரோடு ஒப்பிட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இரத்தக் குழாய் நோய்களால் இறக்கும் அபாயம் நோயுள்ளவர்களுக்கு 36 விழுக்காடு அதிகம் என்று அது காட்டியது.

நம் சமூகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கனமானது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மற்ற பெரிய இனங்களைவிட அது அதிகம். ஏற்கெனவே இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று நான்கு பக்கமும் அடி வாங்கும் இதயத்துக்கு இந்த அழற்சி ஐந்தாவது அடி. வாத நோயாளிகள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது இதய அபாயத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய வாத நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2017-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. இனிப்புநீர் உள்ள குடும்பங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் ஆண்டுதோறும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, வால்வுக் கசிவு. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியின் அடிப்பகுதியில் அழற்சி ஏற்பட்டு, அங்குள்ள வால்வு சரியாக மூடாமல் போகலாம். வெளியே போன இரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப உள்ளே வருவதால் இதயம் இரட்டிப்பு வேலை செய்து களைத்துப் போகும். மூன்றாவது, துடிப்புக் கோளாறு. இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்தூண்டல் செல்லும் பாதையில் தழும்பு விழுந்தால் துடிப்பு குறையும், தலைசுற்றும், மயக்கம் வரும். சிலருக்குத் துடிப்புக் கருவி பொருத்த வேண்டியிருக்கும். இவ்விரண்டும் முதலாவதைவிட அரியவை. நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்படுகின்றன. துடிப்புக் கோளாற்றை இ.சி.ஜி. காட்டும். வால்வை மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டும், தேவைப்பட்டால் எக்கோ ஸ்கேன் எடுத்தும் அறிந்துகொள்வார்.

தசை ஏன் கரைகிறது?

வலி இருப்பவர் அசையாமல் இருக்கப் பார்க்கிறார். அசையாத தசை மெலிகிறது. தசை மெலிந்தால் முதுகைத் தாங்க ஆளில்லை. வலி மேலும் கூடுகிறது. இது ஒரு சுழல். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அழற்சியே தசையைக் கரைக்கும். நோயால் உடம்பை உருக்கும் ஒரு புரதத்தை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து, ‘கேக்கெக்டின்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அதுவும் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதமும் ஒன்றுதான் என்று 1985-இல் தெரிந்தது. இந்த வாதத்துக்கு இன்று போடப்படும் ஊசிகளில் பல, அந்த டி.என்.எஃப்.-ஐத் தடுப்பவைதான்.

தசைக் குறைவை எடை பார்க்கும் தராசு எப்போதும் காட்டிக்கொடுக்காது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் எடை அப்படியே இருக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, முன்பு தூக்கிய அரிசி மூட்டையை இப்போது தூக்க முடிகிறதா என்று பார்த்தால் புரிந்துவிடும். முதுகு, பிட்டம், தொடைத் தசைகள்தான் முதலில் பலம் இழக்கும். கூடவே எலும்பும் வலுவிழக்கும். ஒட்டிப்போன முதுகெலும்பு பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும், வழுக்கி விழுந்தால் காய்ந்த குச்சிபோல் முறிந்துவிடக்கூடும்.

சோற்றை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டால் தசை வளராது. மூன்று வேளையும் புரதம் தட்டில் இருக்க வேண்டும். பருப்பு, கடலை, முட்டை, கெம்போங் மீன், நெத்திலி, கோழி, தெம்பே, தவ்ஹு எல்லாம் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நடப்பதும் மருந்துதான்

மற்ற பல நோய்களில் ‘ஓய்வெடுங்கள்’ என்பார்கள். இதில் ‘அசையுங்கள்’ என்பதுதான் மருத்துவர்களின் முதல் அறிவுரை. கடினமான பயிற்சி நோயைக் கிளறிவிடும் என்ற அச்சம் முன்பு இருந்தது. நார்வே ஆய்வாளர்கள் தலைமையில் 100 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், பாதிப் பேர் மூன்று மாதம், வாரம் மூன்று முறை, மூச்சு வாங்கும் அளவுக்கு இதயப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் செய்தார்கள். அவர்களுக்கு நோய் கூடவில்லை. வலியும் விறைப்பும் குறைந்தன, உடல் தெம்பும் கூடியது. இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஆத்தர்டன் இந்த நோயை வைத்துக்கொண்டே 115 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர்.

பயிற்சிக்குப் பணம் கட்டி ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையும், தஞ்சோங் காராங் வயல் வரப்போரச் சாலையும், புக்கிட் மெலாவத்தி ஏற்றமும் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லாருக்கும் சொல்லும் அளவு. நெஞ்சு வலி, மயக்கம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

வீட்டில் தினமும் செய்யக்கூடியவை:

• விலாவின் இரு பக்கமும் கைகளை வைத்து, கைகளைத் தள்ளுவதுபோல் மூச்சை ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக விடுவது. பத்து முறை.

• குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரில் படும்படி நின்று, தலையின் பின்புறத்தையும் சுவரில் தொட வைக்க முயல்வது. தலைக்கும் சுவருக்கும் இடைவெளி மாதாமாதம் கூடினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

• முடிந்தவர்கள் பத்து நிமிடம் குப்புறப் படுத்திருப்பது. இரவில் தடித்த தலையணையைத் தவிர்ப்பது.

• நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக இரண்டு முறை.

தோட்டத்தை விட்டு வந்து லோரி ஓட்டுகிறவர்களும் பாதுகாவலர் வேலை பார்க்கிறவர்களும் இன்று நம்மில் அதிகம். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது இந்த முதுகுக்கு ஆகாது. பாதுகாவலர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்து நிற்கலாம். லோரி ஓட்டுநர் நிறுத்துமிடம் கிடைக்கும்போதெல்லாம் இறங்கி நாலடி நடக்கலாம். நீண்ட கோல் பிடித்து அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்குக் கழுத்து இறுகிவிட்டால் மேலிருந்து விழும் குலை கண்ணில் படாது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. அத்தகையவர்கள் மேலாளரிடம் மருத்துவக் கடிதத்தைக் காட்டி வேறு வேலை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருந்தும் எச்சரிக்கையும்

முதலில் தரப்படுவது ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கி மாத்திரைகள். இவை நன்றாக வேலை செய்யும். ஆனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், வயிற்றைப் புண்ணாக்கலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இனிப்புநீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர் இவற்றைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து வினை தேடிக்கொள்வதாகும். மாத்திரை போதாதவர்களுக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளும், ஐ.எல்.-17 தடுப்பு ஊசிகளும் உண்டு. டி.என்.எஃப். ஊசி உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடலாம். அதனால் இந்த ஊசிகளைத் தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். ‘ஜாக்’ தடுப்பு மாத்திரைகள் என்ற புதிய வகையும் இருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அவற்றைத் தரும்போது மருத்துவர்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு விஷயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். ஒன்று, இரவுச் சந்தையிலும் இணையத்திலும் ‘மூட்டு வலி பறந்துவிடும்’ என்று விற்கப்படும் ஜாமு, மாஜுன், பெயர் தெரியாத மாத்திரைகள். இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது வலியை உடனே அமுக்கும். பிறகு சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் தசையையும் கரைக்கும். இரண்டு, முதுகை நெட்டி முறிப்பதும், மிதித்து விடுவதும், கழுத்தைச் சடக்கென்று திருப்புவதும். எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. இறுகிய முதுகெலும்பைப் பலத்தால் வளைத்தால் எலும்பு முறிந்து கைகால் விளங்காமல் போகலாம்.

எங்கே போவது, என்ன கேட்பது?

முதல் படி, அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். ‘முதுகு வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்ப நேரிடலாம். எந்த வயதில் தொடங்கியது, காலை விறைப்பு எவ்வளவு நேரம், இரவில் எழுப்புகிறதா, நடந்தால் குறைகிறதா, கண் சிவந்ததுண்டா, வீட்டில் யாருக்கேனும் உண்டா என்ற ஆறு விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, வாத நோய்ச் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் தருவார். கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனையும், சபாக் பெர்ணம் மாவட்டத்துக்குத் தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனையும் உள்ளன. வாத நோய்ச் சிறப்புப் பிரிவு செலாயாங் மருத்துவமனையில் இருக்கிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம்; எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்கலாம்.

நோய் உறுதியானவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியவை சில: இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எப்படி இருக்கின்றன? இ.சி.ஜி. எடுத்து எவ்வளவு நாளாயிற்று? மூச்சு ஊதிப் பார்க்கும் சோதனை தேவையா? எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா? உடலியக்கப் பயிற்சியாளரிடம் அனுப்ப முடியுமா? உதவித் தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஊசி மருந்துக்குப் பணம் இல்லையென்றால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம். நோயால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனவர்கள் பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நெஞ்சை அழுத்தும் வலி, திடீர் மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், முகம் கோணுதல் அல்லது கைகால் இழுத்தல் ஆகியவை வந்தால் 999-ஐ அழைக்க வேண்டும். சிறு விழுகைக்குப் பிறகு புதிதாகக் கழுத்து வலியோ முதுகு வலியோ வந்தால் நோயாளியை நிமிர்த்தவோ நீவவோ கூடாது. அவர் கழுத்து வழக்கமாக எப்படி வளைந்திருக்குமோ அப்படியே தாங்கிப் பிடித்து, நோயின் பெயரை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்ல வேண்டும். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கால் மரத்துப்போய்ச் சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால் அதுவும் அவசரமே. நோயின் பெயரையும் சாப்பிடும் மருந்துகளையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்துப் பணப்பையில் வைத்திருப்பது, பேச முடியாத நேரத்தில் உதவிக்கு வரும்.